முன்சக்கர காலிப்பரில் பிரேக் ஆயில் கசிவு: சீல் மாற்றினால் போதுமா, காலிப்பரையே மாற்ற வேண்டுமா?

கீழ்பவானி எழுதியது:

வணக்கம். கோபிசெட்டிபாளையத்திலிருந்து எழுதுகிறேன். என்னுடையது 2012ஆம் ஆண்டு மாடல் சிறிய பெட்ரோல் கார். முன்சக்கரங்களில் டிஸ்க், பின்சக்கரங்களில் டிரம், ஏபிஎஸ் கிடையாது. முன்பக்க பிரேக் பேடுகள் அடிவரை தேய்ந்துவிட்டதால் போன மாதம் உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் புதிய பேடுகள் போட்டுக்கொண்டேன். அதன்பின் சில நாட்களிலேயே இடப்பக்க முன்சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருப்பது தெரிந்தது. டயரின் உட்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு வடிந்து, அதில் புழுதி அப்பிக் கரிய பசையாக நிற்கிறது. ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் அவ்வளவாகத் தெரிவதில்லை. இரவு முழுவதும் நிறுத்தி வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால்தான் ஈரம் அதிகமாக இருக்கிறது. பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டை நெருங்கிவிட்டது. பெடல் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆனால் வேகத்தில் பிரேக் பிடித்தால் வண்டி லேசாக வலப்பக்கம் இழுக்கிறது.

பேடு மாற்றிய பட்டறையில் காட்டியபோது காலிப்பரையே, அதாவது பிஸ்டனால் பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பாகத்தையே, முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். ஈரோட்டில் வேறொரு மெக்கானிக் சீல் கிட், அதாவது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர்களின் செட், மாற்றினால் போதும் என்கிறார். உறவினர் ஒருவரோ, பிஸ்டனில் துரு இருந்தால் கோயம்புத்தூரில் ஏதாவது லேத்தில் கொடுத்துப் புதிய பிஸ்டனே கடைந்து வாங்கிவிடலாம், கம்பெனிப் பொருளுக்கு அலைய வேண்டியதில்லை என்று சொல்கிறார். பேடு மாற்றியவர்கள் எதையோ கெடுத்துவிட்டார்களோ என்ற சந்தேகமும் எனக்கு இருக்கிறது. டிராக்டர் வேலை பார்த்த பழக்கம் உண்டு. ஜாக், ஸ்டேண்டு, ஸ்பேனர் செட் எல்லாம் வீட்டில் இருக்கின்றன. நானே செய்ய முடிகிற வேலையா இது? தாளவாடியில் கொஞ்சம் நிலம் இருப்பதால் திம்பம் வழியாக அடிக்கடி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. அந்த இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துத்தான் இதை இங்கே கேட்கிறேன்.

நொய்யல்கரை எழுதியது:

முதலில் அது பிரேக் ஆயில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதே இடத்தில் ஷாக் அப்சார்பர் ஆயிலும் வடியலாம். ஆக்ஸில் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான ஆக்ஸில் பூட் கிழிந்திருந்தால் கிரீஸும் தெறிக்கும். ஈரத்தை ஒரு வெள்ளைத் துணியில் ஒற்றி, அதை ஒரு கிண்ணம் தண்ணீரில் பிழிந்து பாருங்கள். பிரேக் ஆயிலாக இருந்தால் தண்ணீரோடு கலந்துவிடும். மற்ற ஆயில் என்றால் மேலே படலமாக மிதக்கும். ஷாக் அப்சார்பர் என்றால் ஈரம் அதன் தண்டிலிருந்தே தொடங்கியிருக்கும்.

பேடு தேயத் தேய டப்பாவில் மட்டம் தானாகவே குறையும் என்பது உண்மை. பிஸ்டன் வெளியே நகர்ந்த இடத்தை ஆயில் நிரப்புகிறது. ஆனால் நீங்கள் புதிய பேடு போட்ட பிறகு மட்டம் இறங்கியிருக்கிறது. அதற்குக் கசிவைத் தவிர வேறு காரணம் சொல்வது கடினம். சரி செய்யும்வரை வண்டியைத் திம்பம் பக்கம் கொண்டுபோகாதீர்கள், சத்தியமங்கலத்துக்குக்கூட வேண்டாம்.

பழைய பட்டறை எழுதியது:

தம்பி, திருப்பூரில் நெடுங்காலம் பட்டறை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்களிடம் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னதில் வியப்பில்லை. காலிப்பரைக் கழற்றிப் பிஸ்டனை வெளியே எடுத்துப் பார்க்காமல் யார் என்ன சொன்னாலும் அது ஊகம்தான்.

உங்கள் சந்தேகத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கசிவின் காரணமும் அதற்குள்ளேயே இருக்கிறது. பேடு தேயும்போது பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து அங்கேயே நிற்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைக் காப்பது டஸ்ட் பூட் எனப்படும் மெல்லிய ரப்பர் உறை மட்டுமே. தோட்டத்துப் பாதையில் ஓடுகிற வண்டியில் கல்லோ முள்ளோ பட்டு அது கிழிந்துவிட்டால் சேறும் தண்ணீரும் உள்ளே போய், பிஸ்டனின் குரோம் பூச்சுக்கு அடியில் துரு பிடித்து, சிறு சிறு குழிகள் விழும். அந்தக் குழிகள் வெளியே இருக்கும்வரை கசிவு வராது. சீல் இன்னும் உள்ளே, வழவழப்பான பகுதியின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. புதிய பேடு தடிமனாக இருப்பதால் அதைப் போடுவதற்குப் பிஸ்டனை உள்ளே தள்ளியாக வேண்டும். அப்படித் தள்ளும்போது துருப்பிடித்த பகுதி சீலைக் கடந்து போகிறது. சீலின் விளிம்பை அரம்போல அறுத்துவிட்டு, பிறகு அந்தச் சீலுக்கு அடியிலேயே போய் நின்றும்விடுகிறது. ஆகவே, பேடு மாற்றியவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. டஸ்ட் பூட் கிழிந்திருந்ததைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம் என்பது வேறு விஷயம்.

ஓடும்போது தெரியாத ஈரம் காலையில் தெரிவதற்கும் காரணம் உண்டு. பிரேக் மிதிக்கும்போது வருகிற அழுத்தமே சீலைப் பிஸ்டன்மேல் இறுக்கி அமுக்கிக் கசிவை ஓரளவு அடைத்துவிடுகிறது. நிறுத்திய வண்டியில் டப்பாவின் உயரம் தருகிற சிறிய அழுத்தம் மட்டுமே இருக்கும். இறுகிப்போன அல்லது அறுபட்ட சீலை அமுக்க அது போதாது. ஆயிலைச் சொட்ட விடுவதற்கு மட்டும் போதும். வண்டி வலப்பக்கம் இழுக்கிறது என்றால் இடப்பக்கப் பேடு ஆயிலில் நனைந்து பிடிப்பை இழந்துவிட்டது என்று பொருள். அந்தப் பேடைக் கழுவியோ உப்புத்தாளில் தேய்த்தோ திரும்பப் போடக் கூடாது. புதியதாக இருந்தாலும் போனது போனதுதான். மாற்றுவதானால் முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இப்போது வேலை. சக்கரத்தைக் கழற்றியதும் ஈரம் எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயான ஹோஸ் வந்து சேரும் போல்ட்டின் இரண்டு பக்கமும் செப்பு வாஷர் இருக்கும். அங்கே கசிந்தால் வாஷர் மாற்றுவதோடு வேலை முடிந்தது. ஏர் எடுக்கும், அதாவது ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றும், நிப்பிளில் கசிந்தால் நிப்பிளை மாற்ற வேண்டும். டஸ்ட் பூட்டின் உள்ளிருந்து வந்தால்தான் பிஸ்டன் சீல்.

பிஸ்டனை எடுப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஹோஸைக் கழற்றுவதற்கு முன்பே, காலிப்பரை டிஸ்க்கிலிருந்து எடுத்து, பிஸ்டனுக்கு எதிரே ஒரு மரக்கட்டையை வைத்து, பிரேக் பெடலை மெதுவாக மிதித்தால் பிஸ்டன் பெரும்பகுதி தானே வெளியே வந்துவிடும். கம்ப்ரஸர் காற்றை வைத்துத் தள்ளுவதும் உண்டு; ஆனால் பிஸ்டன் தோட்டாபோலப் பாயும், இடையில் விரல் இருந்தால் நசுங்கிவிடும். பெடல் இருக்கும்போது காற்று எதற்கு? காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள், ஒரு கம்பியில் கட்டி வையுங்கள்.

பிஸ்டன் வெளியே வந்ததும் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். நகம் எங்காவது தட்டினால், அல்லது குரோம் கொப்புளம்போல எழும்பியிருந்தால், அந்தப் பிஸ்டன் ஆகாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அப்போதைக்கு வழவழப்பாகத் தெரியும், ஆனால் குரோம் போய்விடுவதால் அடுத்த மழைக்காலத்தில் இன்னும் மோசமாகத் துருப்பிடிக்கும். நகம் எங்கும் தட்டவில்லை என்றால் சீல் கிட் மட்டும் போதும். காலிப்பரின் உட்சுவரில் லேசான கறையோ கோடோ இருந்தால் கவலைப்பட வேண்டாம். பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரிலும் பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டரிலும் ரப்பர் பிஸ்டனோடு சேர்ந்து நகர்ந்து சுவரில் உரசும், அதனால் அங்கே சுவர் முக்கியம். இங்கே சீல் சுவரில் வெட்டிய பள்ளமான காடியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, பிஸ்டன்தான் அதற்குள் நகர்கிறது. ஆகவே இங்கே முக்கியம் பிஸ்டனின் மேற்பரப்பும் அந்தக் காடியின் சுத்தமும்தான்.

பழைய சீலை ஸ்க்ரூடிரைவரால் நோண்டாமல் மூங்கில் குச்சியைச் சீவி அதனால் எடுங்கள். காடியில் கீறல் விழக் கூடாது. காடியில் படிந்த துருவையும் பசையையும் ஒரு துளி மீதமில்லாமல் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புதிய சீல் மேலெழும்பிப் பிஸ்டனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கழுவுவதற்குப் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதையும் தொடாதீர்கள். பாதிப் பட்டறைகளில் டீசலில்தான் அலசுகிறார்கள். அந்த எண்ணெய்ப் பசை கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பிரேக் ரப்பர் ஊறி உப்பிவிடும். நல்ல சீலும் சில வாரங்களில் கெடும். பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். புதிய சீலைப் புதிய பிரேக் ஆயிலில் நனைத்து, முறுக்கில்லாமல் காடியில் உட்கார வைத்து, பிஸ்டனைக் கையால் நேராக அழுத்துங்கள். சாய்ந்தால் வெளியே எடுத்து மறுபடியும் செய்யுங்கள், சுத்தியலைத் தொடாதீர்கள். காலிப்பர் வழுக்கி நகரும் இரண்டு பின்களையும் கழற்றித் துடைத்துப் பிரேக்குக்கு உரிய சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் அங்கேயும் ரப்பரைக் கெடுக்கும்.

கணபதி லேத் எழுதியது:

பெரியவர் சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. லேத் பற்றி மட்டும் நான் சொல்ல வேண்டும், தொழிலே அதுதான். கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு, ஆவாரம்பாளையம் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் லேத் இருக்கிறது. பம்பு, மோட்டார் பாகங்கள் எல்லாம் இங்கே கடைகிறோம். அதனால் நம் ஊர்க்காரர்களுக்கு எதையும் கடைந்து வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கை உண்டு. காலிப்பர் பிஸ்டனைக் கடைவது கஷ்டமில்லை. கடைந்த பிறகு செய்ய வேண்டியதுதான் கஷ்டம். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்குதான். கடைசல் கருவி விடுகிற நுண்ணிய திருகுக்கோடு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சீலுக்குத் தெரியும். ஆகவே கிரைண்டிங் செய்து, ஹார்டு குரோம் பூசி, மறுபடியும் கிரைண்டிங் செய்து மெருகேற்ற வேண்டும்; அல்லது துருப்பிடிக்காத எஃகில் செய்து மெருகேற்ற வேண்டும். டஸ்ட் பூட் உட்காரும் காடியும் அளவு பிசகாமல் வர வேண்டும். இத்தனையும் ஒரே ஒரு பிஸ்டனுக்குச் செய்தால், கடையில் கிடைக்கும் பிஸ்டனை விடச் செலவு கூடும்.

உதிரி பாகமே கிடைக்காத மிகப் பழைய வண்டிக்கு வேறு வழியில்லாமல் துருப்பிடிக்காத எஃகில் செய்வார்கள், அது நியாயம். உங்கள் வண்டிக்குக் கடையில் கிடைக்கிறது. சாதாரணக் கம்பியில் கடைந்து பூச்சு இல்லாமல் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். என்னிடம் யாராவது அப்படிக் கேட்டு வந்தால் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆழியார் சாலை எழுதியது:

நான் இங்கே கொஞ்சம் மாறுபடுகிறேன். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு நாற்பது வளைவுகள் ஏறி இறங்குகிறவன். மலைப்பாதைக்கு என்றால் பழைய காலிப்பரைப் பழுது பார்ப்பதைவிடப் புதிதாக ஒன்று வாங்கிப் போடுவதே மேல் என்பது என் கருத்து. சீல் கிட் சில நூறு ரூபாய், காலிப்பர் சில ஆயிரம் ரூபாய் என்ற வித்தியாசம் இருக்கிறது. ஆனால் காடி சுத்தமாக இருக்கிறதா, சீல் முறுக்கில்லாமல் உட்கார்ந்ததா என்ற கேள்விகளோடு ஒவ்வொரு வளைவிலும் பெடலை மிதிக்க வேண்டியதில்லை. கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய காலிப்பர் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அதை மட்டும் கேட்காதீர்கள். அது எத்தனை ஆண்டு எங்கே கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. அதையும் பிரித்து இதே வேலையைத்தான் செய்ய வேண்டும்.

எது செய்தாலும் பிரேக் ஆயிலை முழுதாக மாற்றிவிடுங்கள். சாதாரண பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. பிரேக் ஆயில் வகைகளில் டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி; ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 டிகிரி. டாட் 4க்கு இவை 230, 155. திம்பத்தில் இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் காலிப்பருக்குள் இருக்கும் ஈரமேறிய ஆயில் கொதித்து நீராவிக் குமிழாகிவிடும். நீராவியை அமுக்கினால் அது சுருங்குமே தவிர அழுத்தத்தைக் கடத்தாது, பெடல் தரைக்குப் போய்விடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று நம் ஊர் லாரி ஓட்டுநர்கள் சொல்வது இதற்காகத்தான். டப்பா மூடியில் எந்த வகை என்று எழுதியிருக்கும். டாட் 3 என்றிருந்தால் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 மட்டும் வேறு இனம், சிலிக்கான்; பெயரைப் பார்த்து ஏமாந்து அதை ஊற்றிவிடாதீர்கள்.

கீழ்பவானி எழுதியது:

ஐயா, அனைவருக்கும் நன்றி. துணியைத் தண்ணீரில் பிழிந்து பார்த்தேன், படலம் எதுவும் இல்லாமல் கலந்துவிட்டது. நேற்றுக் காலிப்பரைக் கழற்றிவிட்டேன். டஸ்ட் பூட்டில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். பிஸ்டனைப் பெடல் மிதித்தே எடுத்தேன். வெளிமுனையை ஒட்டிப் பாதிச் சுற்றளவுக்கு எள் தெளித்தாற்போலக் கரும்புள்ளிகள் இருக்கின்றன, நகம் தெளிவாகத் தட்டுகிறது. அதற்கு உள்ளே கண்ணாடிபோல இருக்கிறது. சீலின் ஒரு விளிம்பு பிசிறு பிசிறாகக் கிழிந்திருக்கிறது. காலிப்பரின் உட்சுவரில் கறை மட்டும்தான். காடியை மூங்கில் குச்சியால் சுத்தம் செய்தபின் கீறல் எதுவும் தெரியவில்லை. ஈரோட்டில் பிஸ்டனும் சீல் கிட்டும் சேர்ந்தே கிடைக்கின்றன, புதிய செப்பு வாஷர்களும் பேடு செட்டும் வாங்கப் போகிறேன். முழுக் காலிப்பர் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். இனி ஏர் எடுப்பது எப்படி என்றும், வலப்பக்கக் காலிப்பரையும் திறக்க வேண்டுமா என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய பட்டறை எழுதியது:

சரியான முடிவு. ஆழியார் நண்பரின் எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். காடியில் குழி விழுந்திருந்தால் நானும் புதிய காலிப்பர்தான் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அந்த நிலைமை இல்லை.

வலப்பக்கத்தில் டஸ்ட் பூட் முழுதாக இருந்து, உள்ளே ஈரமும் இல்லை என்றால் திறக்க வேண்டாம். பூட்டின் விளிம்பை மெதுவாக விலக்கிப் பிஸ்டனைப் பாருங்கள், பளபளப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். பேடு மட்டும் மாற்றுங்கள்.

ஏர் எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். நிப்பிளுக்கு ரிங் ஸ்பேனர்தான் போட வேண்டும், ஓபன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும். நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க விடுங்கள். உள்ளே இருப்பவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடித்துக்கொள்ள, நீங்கள் நிப்பிளைத் திறந்து, ஆயில் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். இந்த வரிசை மாறிவிட்டால் வெளியே போன காற்று உள்ளே வந்துவிடும். பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதிக்க விடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே வழக்கமாக ரப்பர் போகாத பகுதியில் படிவு இருக்கும், அதுவரை போனால் அந்த ரப்பரும் கிழியும். அந்த வேலை இதைவிடப் பெரியது. பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டைப் போட்டுவிட்டால் கவலையில்லை. டப்பாவில் ஆயில் குறையாமல் ஒருவர் கண் வைத்திருக்க வேண்டும். திறந்த காலிப்பரில் முதலில் காற்றை வெளியேற்றிவிட்டு, பிறகு வண்டியின் கையேட்டில் சொன்ன வரிசைப்படி நான்கு சக்கரத்திலும் புதிய ஆயில் வரும்வரை எடுங்கள். முன்சக்கர இயக்கமுள்ள சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் இடது முன்சக்கரமும் வலது பின்சக்கரமும் ஒரே இணைப்பில் இருக்கும், அதனால் ஊகத்தில் வரிசை போட வேண்டாம். ஆயில் பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், விட்டுவிட்டால் பெயிண்ட் உரிந்து வரும். எடுத்த பழைய ஆயிலை வாய்க்காலில் கொட்டாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்து, சக்கரத்தை மாட்டி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன்பே பெடலைக் கெட்டியாகும்வரை மிதியுங்கள். பேடுகளுக்கும் டிஸ்க்குக்கும் இடையே இடைவெளி இருப்பதால் முதல் சில மிதிகளில் பெடல் சும்மா போகும்; அதை வாசலிலேயே முடித்துவிட வேண்டும், சாலையில் அல்ல. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் பெடலைப் பலமாக மிதித்துப் பிடித்திருக்க, நீங்கள் காலிப்பரின் உள்பக்கம், ஹோஸ் போல்ட், நிப்பிள் மூன்றையும் உலர்ந்த விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இல்லை என்றால் ஊருக்குள் மெதுவாக ஓட்டிப் பேடுகளைப் பழக்குங்கள். இரவு வண்டியை நிறுத்தும்போது அந்தச் சக்கரத்துக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வையுங்கள். ஒரு வாரம் தாள் உலர்ந்திருந்து, டப்பாவில் மட்டமும் அசையாமல் இருந்தால் தாளவாடிக்குக் கிளம்பலாம்.